வாசற்படியில் எஜமானர்

1999ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி, அமெரிக்கத் தொழிலாளர் இலாகாவின் கீழுள்ள ஓஷா என்னும் தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்திலிருந்து டெக்ஸாஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்றுக்கு ஒரு பதில் கடிதம் போயிற்று. தன் சிப்பந்திகளில் சிலரை வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்க அனுமதிக்கலாமென்று உத்தேசித்திருந்த அந்நிறுவனம், அவ்வாறு அனுமதித்தால் அவர்களுடைய க்ஷேமத்துக்குத் தான் எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்பதை முன்கூட்டியே எழுதி விசாரித்திருந்தது. நியாயமான கேள்வி. ஓஷா கொடுத்த பதிலும், சட்டத்தின் எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், தவறென்று சொல்வதற்கில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் வேலை எங்கெங்கே நடக்கிறதோ அங்கெல்லாம் செல்லும். அந்த இடம் தொழிலாளியின் சொந்த வீடாகவே இருந்தாலும் எஜமானரின் பொறுப்பு நீங்காது. அபாயங்களை அவர் முன்னதாகவே கண்டறிய வேண்டும். அவசியமானால் நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். வீட்டின் நிலவறையில் ஒருவர் வேலை பார்க்கிறார், அங்கே இறங்கும் படிக்கட்டு பழுதாயிருக்கிறது, அது எஜமானருக்குத் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றால், அந்தப் படிக்கட்டுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும் என்கிற அளவுக்குக் கடிதம் விவரமாக எழுதப்பட்டிருந்தது.

சில வாரங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அக்கடிதத்தை 2000ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை பிரசுரப்படுத்தியதும், நாடெங்கும் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. கோடிக்கணக்கான வீடுகளைப் பரிசோதிக்கும் செலவும் பழியும் தங்கள் தலையில் விழுமே என்று முதலாளிகள் அஞ்சினார்கள். படுக்கையறைக்கு அடுத்த அறையில் மேஜை போட்டு உட்கார்ந்த குற்றத்துக்காக ஆபீஸ் அதிகாரி வந்து வீட்டை எட்டிப் பார்ப்பதா என்று சிப்பந்திகள் கொதித்தார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரு தரப்பாரும் ஒரே குரலில் கூவவே, மறுநாளே தொழிலாளர் இலாகா செயலாளர் அலெக்ஸிஸ் ஹெர்மன் அக்கடிதத்தை வாபஸ் பெற்றார். பிப்ரவரி 25ஆம் தேதி வெளியான உத்தரவில் ஓஷா தன் நிலையைத் திட்டமாக அறிவித்தது: வீட்டு ஆபீஸ்களை நாங்கள் பரிசோதிக்க மாட்டோம், அங்குள்ள குறைகளுக்காக எஜமானரைப் பொறுப்பாக்க மாட்டோம், எஜமானர்கள் போய்ப் பரிசோதிக்க வேண்டுமென்றும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் வைத்துப் பொருள் உற்பத்தி செய்யும் தொழில்களில் மட்டும், அதுவும் புகார் முதலியவை வந்தால்தான், அதிகாரிகள் போவார்கள்.

அதோடு வீட்டின் கௌரவம் காப்பாற்றப்பட்டுவிட்டதென்று அன்றைக்குப் பலரும் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சியில் பங்கில்லை. கதவை விட்டு நகர்ந்தது சர்க்கார்தான், எஜமானர் நகரவில்லை. சர்க்கார் பரிசோதகர் வரமாட்டார் என்று உத்தரவு சொல்லிற்றேயொழிய, வேலைக்கு அமர்த்தியவர் வரக் கூடாது என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டு வேலையிடத்தைப் பார்வையிட எங்களுக்கு உரிமை உண்டு என்னும் வாசகம் இன்றுவரை அமெரிக்காவின் சர்க்கார் அலுவலகங்கள், சர்வகலாசாலைகள், கம்பெனிகள் பலவற்றின் ஒப்பந்தங்களில் சர்வ சாதாரணமாகக் காணப்படுகிறது. கொரோனா காலத்துக்குப் பிறகு உலகமெங்கும் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ பரவியதோடு அந்த வாசகமும் பரவியிருக்கிறது.

சர்க்கார் வாசற்படியைத் தாண்டுவதற்கு எத்தனை தடைகள் உண்டென்பதை நம் தேசத்து வழக்கொன்றைக் கொண்டே பார்க்கலாம். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் கைதாகி, சாட்சியம் போதாமையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் போலீஸார் அவர் பெயரில் ஒரு குற்றச் சரித்திர ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுராத்திரியில் போய்க் கதவைத் தட்டுவதும், அவர் உள்ளே இருக்கிறாரா என்று எழுப்பிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, 1962 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து அங்கு சென்ற நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். அந்தரங்கம் என்பது நம் அரசியல் சாசனம் உத்தரவாதமளித்த உரிமையல்ல என்று அதே தீர்ப்பில் அவர் கூறியது பிற்காலத்தில், 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளால் ஏகமனதாக ரத்து செய்யப்பட்டது வாஸ்தவமே. என்றாலும் ராத்திரியில் வீட்டுக்கு வந்து பார்க்கும் அந்த விதியை மட்டும் அவர் நிற்க விடவில்லை. அழைப்பில்லாமல் ஒருவன் வீட்டினுள் புகுந்து அவனது உறக்கத்தைக் குலைப்பது அவனுடைய சுதந்திரத்தையே குலைப்பதாகும் என்று கண்டு, அந்த ஷரத்து செல்லாதென்று தள்ளினார். அந்தரங்கத்தை உரிமையாக ஒப்புக்கொள்ளாத நீதிபதிக்குக்கூட வாசற்படியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தனை தடைகளும் சர்க்காருக்குத்தான். சந்தேகத்துக்குரியவன் வீட்டில் போலீஸ்காரர் செய்யக் கூடாததை, குற்றமே அறியாத ஒரு கணக்கர் வீட்டில் அவருடைய மேனேஜர் செய்யலாம்; நியமன உத்தரவோடு வந்த பதினைந்து பக்கக் காகிதத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் அவர் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதே அதற்குப் போதுமான நியாயமாகக் கருதப்படுகிறது.

அந்தச் சம்மதம் எத்தகையது என்று சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். 1971 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வைமன் எதிர் ஜேம்ஸ் என்ற வழக்கைத் தீர்த்தது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் குழந்தையோடு சர்க்கார் உதவிப் பணத்தில் ஜீவித்த ஒரு தாய், உதவி இலாகாவின் ஊழியர் தன் வீட்டுக்குள் வருவதை மறுத்தார். வேண்டிய தகவல்களை எல்லாம் வெளியில் வைத்துத் தருகிறேன், வீட்டுக்குள் மட்டும் வேண்டாம் என்றார். உதவியை நிறுத்துவதாக இலாகா அறிவித்தது. வீட்டுக்கு வருவது பலாத்காரமான சோதனை அல்ல, மறுக்க அவருக்கு உரிமை உண்டு, மறுத்தால் பணம் கிடையாது, அவ்வளவுதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு கட்டினார்கள். மூன்று நீதிபதிகள் இதற்கு இணங்கவில்லை. வயிற்றுப்பாட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவைக் காட்டுகிறவரிடம் ‘உள்ளே வாருங்கள்’ என்று சொல்வதற்குச் சம்மதம் என்ற பெயர் பொருந்துமா? மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் கட்டுகிறவனுடைய கையெழுத்தும் ஏறக்குறைய இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான்.

இப்படிச் சொல்வதனால் எஜமானருடைய கட்சியில் நியாயமே இல்லை என்று ஆகிவிடாது. வீடு புனிதமானது என்ற வாதத்தை ஏழைத் தொழிலாளிக்கு எதிராகவே பிரயோகித்த வரலாறும் உண்டு. 1880களில் நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில், சமைத்து உண்டு உறங்கும் அறைகளிலேயே குடும்பங்கள் புகையிலையைப் பரப்பிச் சுருட்டுச் சுற்றின. குழந்தைகள் அந்தத் தூளின் நடுவில் வளர்ந்தன. இதைத் தடை செய்யத் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸும் சுருட்டுத் தொழிலாளர் சங்கமும் பாடுபட்டு நிறைவேற்றிய சட்டத்தை, 1885இல் ஜேகப்ஸ் வழக்கில் அம்மாநிலத்து உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. தன் வீட்டில் தன் தொழிலைச் செய்ய ஒருவனுக்குள்ள சுதந்திரத்தில் சட்டம் தலையிடுகிறது என்பதே நீதிபதிகள் கண்ட காரணம். அந்தத் தீர்ப்பினால் யாருடைய சுதந்திரம் காப்பாற்றப்பட்டதோ, சுருட்டு முதலாளிகளின் லாபம் காப்பாற்றப்பட்டது நிச்சயம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996இல் வீட்டுத் தொழில் பற்றிய 177ஆம் உடன்படிக்கையை இயற்றியபோது, அந்தரங்கத்துக்குரிய சட்டங்களுக்கு உட்பட்டு, வேலை நடக்கும் பகுதிக்குள் மட்டும் தொழில் பரிசோதகர் பிரவேசிக்கலாம் என்று அதன் பரிந்துரையில் சேர்த்தது இத்தகைய அனுபவங்களை மனத்தில் கொண்டுதான். அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

தவிரவும், வீட்டில் நேரும் விபத்துக்கு எஜமானர் நஷ்டஈடு தர வேண்டுமென்று நீதிமன்றங்கள் இப்போது தயக்கமில்லாமல் சொல்லி வருகின்றன. ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா கம்பெனியில் வேலை பார்த்த பெண்மணி ஒருவர், 2006இல் பிரிஸ்பேனில் தம் வீட்டுப் படிக்கட்டில் இரண்டு முறை விழுந்தார். முதல் தடவை இருமலுக்கு மருந்தெடுக்கக் கீழே இறங்கும்போது; இரண்டாம் தடவை, முன்வாசற் கதவு பூட்டியிருக்க வேண்டும் என்ற கம்பெனியின் கட்டளைப்படி அதைப் பூட்டப் போகும்போது. இரண்டுக்கும் கம்பெனியே பொறுப்பு என்று 2011இல் தீர்ப்பாயிற்று. ஜெர்மனியில் ஒருவர் காலையில் படுக்கையை விட்டெழுந்து, சுழற்படியில் இறங்கித் தம் வேலையறைக்குப் போகும் வழியில் சறுக்கி விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். அந்தச் சில அடி தூரமும் வேலைக்குச் செல்லும் வழிதான் என்று அந்நாட்டின் சமூகநல உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் கூறியது. இவை நல்ல தீர்ப்புகள். நான் இவற்றை வரவேற்கிறேன். ஆனால் படிக்கட்டுக்குப் பணம் கட்டுகிறவர், அந்தப் படிக்கட்டை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்பதை அக்கிரமம் என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே, பார்ப்பதா கூடாதா என்பதல்ல இங்கே தீர்க்க வேண்டிய பிரச்னை; யாருடைய நன்மையை உத்தேசித்து, யார் அழைத்து, எதைப் பார்க்க வருகிறார் என்பதே. சிப்பந்தியின் இடுப்பு வலிக்காக வருகிறவரும், சிப்பந்தியின் நேர்மையில் சந்தேகப்பட்டு வருகிறவரும் ஒரே அழைப்பு மணியைத்தான் அழுத்துகிறார்கள். முந்தையவருக்குரிய மரியாதையைக் காட்டிப் பிந்தையவர் உள்ளே நுழைந்துவிடுகிறார் என்பதுதான் இந்த விவகாரத்தின் ஆபத்து.

முந்தையவர் பார்க்க வேண்டியது உண்மையில் மிகக் கொஞ்சம். சென்னையில் இரண்டறை வீடொன்றில், தையல் மிஷினின் மேற்பலகையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணையைப் போட்டு உட்கார்ந்து, அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி முழுதும் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மிஷினின் கால்மிதி குறுக்கே இருப்பதால் காலை நீட்ட முடியாது. திரை கண் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் கழுத்து எந்நேரமும் குனிந்தே இருக்கும். ஒரே பிளக் பாயிண்டில் சொருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து லாப்டாப், மோடம், மேஜை ஃபேன், பக்கத்தில் உறங்கும் குழந்தைக்கான கொசுவிரட்டி எல்லாம் மின்சாரம் இழுக்கின்றன. இந்தக் குறைகளைக் கண்டுபிடிக்க ஒருவர் வீட்டுக்கு வர வேண்டுமா? மேஜையின் உயரத்தை அளந்து எழுதச் சொல்லலாம். அந்த மூலையை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அதைவிட உத்தமம், நல்ல நாற்காலி ஒன்றையும் மேஜை ஒன்றையும் கம்பெனிச் செலவில் அனுப்பிவிடலாம். நாற்காலி வாங்கித் தராத கம்பெனி, நாற்காலியைப் பரிசோதிக்க ஆள் அனுப்புமானால், அந்த ஆள் நாற்காலிக்காக வரவில்லை என்று அந்தப் பெண் முடிவு கட்டுவதில் பிழையில்லை.

பிந்தையவர் இந்நாளில் நேரில் வருவதையே விட்டுவிட்டார். அவருக்குப் பதில் காமிரா வருகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலுள்ள செட்டு என்ற மென்பொருள் கம்பெனிக்கு நெதர்லாந்திலிருந்து வேலை பார்த்த ஒருவருக்கு, 2022 ஆகஸ்டில், வேலை நேரம் முழுவதும் காமிராவைத் திறந்தே வைத்திருக்கும்படி உத்தரவிட்டார்கள். என் கணினித் திரையைத்தான் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, நாளெல்லாம் என் முகத்தையும் பார்க்க வேண்டுமா என்று அவர் மறுத்தார். சில நாட்களுக்குள் கீழ்ப்படியாமை என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். செப்டம்பர் 28ஆம் தேதி டில்பர்க் நகரத்து நீதிமன்றம், அவ்வாறு இடைவிடாமல் நோக்குவது மனித உரிமை பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கைக்கு முரணானது என்று கண்டு, ஏறக்குறைய 75,000 யூரோ அவருக்குத் தரச் செய்தது.

அதே ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே மற்றொரு தீர்ப்பு வந்தது. அது சிப்பந்தியைப் பற்றியதன்று, மாணவரைப் பற்றியது. கிளீவ்லாந்து ஸ்டேட் சர்வகலாசாலையின் ரசாயனப் பரீட்சையை வீட்டிலிருந்து எழுதவிருந்த அந்த மாணவரிடம், காமிராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டும்படி கேட்டார்கள். வீட்டில் பிறரும் வசித்தபடியால் படுக்கையறையில்தான் அவர் உட்கார முடிந்தது. எடுத்துவைக்க அவகாசமில்லாத அந்தரங்கக் காகிதங்கள் அங்கே கிடந்தன. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்த அந்தப் பார்வையும்கூட, சர்க்கார் சோதனைகளுக்கு வரம்பிடும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்துக்கு விரோதமான சோதனையே என்று நீதிபதி கலப்ரேஸ் தீர்ப்பளித்தார். சர்வகலாசாலை சர்க்காருடையது என்பதனால்தான் அந்த மாணவர் அந்தத் திருத்தத்தைத் துணைக்கு அழைக்க முடிந்தது. தனியார் கம்பெனி ஒன்று அதே அறையை அதே காமிராவில் பார்த்திருந்தால் அவருக்கு அந்தத் துணை இல்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்குச் சரியான வழியொன்றை ஐரோப்பா கண்டிருக்கிறது. 2002 ஜூலை 16ஆம் தேதி ஐரோப்பியத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் ஸ்தாபனங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட தொலைவேலை உடன்படிக்கையின் எட்டாம் பிரிவில், பாதுகாப்பு விதிகள் அனுசரிக்கப்படுகின்றனவா என்று பார்க்க எஜமானரும், தொழிலாளர் பிரதிநிதிகளும், அதிகாரிகளும் வேலையிடத்துக்கு வரலாம், அது வீடாக இருந்தால் முன்னறிவிப்பும் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கடுத்துச் சின்னஞ்சிறு வாக்கியமொன்று வருகிறது: பரிசோதனைக்கு வரும்படி கேட்கத் தொழிலாளிக்கு உரிமையுண்டு என்பது அதன் பொருள். இந்தப் பிரச்னை முழுவதிலும் இதைவிடப் பெறுமதியுள்ள வாக்கியத்தை நான் படிக்கவில்லை. பரிசோதனை என்பதை எஜமானருடைய அதிகாரம் என்ற நிலையிலிருந்து எடுத்து, தொழிலாளி கேட்டுப் பெறும் சேவையாக அது மாற்றி வைக்கிறது. என் இடுப்பு வலிக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான், வர வேண்டாம் என்று மறுக்கும் உரிமைக்கும் அர்த்தம் உண்டு.

போர்ச்சுகல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2021 டிசம்பரில் அங்கு இயற்றிய 83ஆம் எண் சட்டப்படி, வீட்டுக்கு வர 24 மணி நேர முன்னறிவிப்பும் தொழிலாளியின் சம்மதமும் தேவை. வேலையையும் வேலைக் கருவிகளையும் தவிர வேறொன்றையும் பார்க்கக் கூடாது. வேலை நேரத்தில், தொழிலாளி உடனிருக்கும்போதுதான் வரலாம். அந்தரங்கத்தைப் பாதிக்கும்படி படம், ஒலி முதலியவற்றைப் பதிவு செய்து கண்காணிப்பது கூடாது. நேரில் வருவதையும் காமிரா வழியே வருவதையும் ஒரே சட்டத்தில் சேர்த்துப் பார்த்த விவேகம் பாராட்டத்தக்கது.

நம் தேசத்தில் விசேஷப் பொருளாதார மண்டலங்களிலுள்ள கம்பெனிகளுக்காக 2022 ஜூலையில் சேர்க்கப்பட்ட 43ஏ விதி, எத்தனை பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், எவ்வளவு காலம், கணினிகளை எப்படி வெளியே கொண்டுபோவது என்பவற்றைச் சொல்கிறது. வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவோ, உத்தியோக சம்பந்தமான காரியங்களுக்கும், எஜமானரை நஷ்டத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்கும், சிப்பந்தியின் தகவல்களை அவருடைய சம்மதம் கேளாமலே உபயோகிக்கலாம் என்று இடம் கொடுக்கிறது. தொழில் ரகசியங்களைக் காப்பது அதில் உதாரணமாகவே காட்டப்பட்டிருக்கிறது. இந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி, ராத்திரி ஷிப்டில் எந்நேரமும் அறையைக் காட்டும் காமிராவை நியாயப்படுத்த முயலுமானால், அதை எந்த வரியைக் காட்டித் தடுப்பது? 19, 21ஆம் ஷரத்துக்களின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லியிருப்பது ஓர் ஆறுதல். ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் அந்தத் தீர்ப்பைக் கையிலெடுத்துக்கொண்டு கோர்ட் ஏறி இறங்கி முடிவதற்குள், அவர் வேலையும் போய்விடும், அடுத்த வேலைக்குரிய சான்றிதழும் போய்விடும்.

நம் குடும்ப அமைப்பை உத்தேசிக்கும்போது மேலே கண்ட மேற்கத்தியச் சட்டங்களில் ஒரு குறை தென்படுகிறது. தொழிலாளியின் சம்மதத்தோடு அவை நின்றுவிடுகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஒருவர். அந்த வீட்டில் வசிப்பவர்கள் ஐந்து பேர். படுத்த படுக்கையாயிருக்கும் மாமனார், பரீட்சைக்குப் படிக்கும் தங்கை, பகலில் உறங்கி ராத்திரி வேலைக்குப் போகும் கணவர் ஆகிய இவர்களில் ஒருவரும் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கவில்லை. அவர்கள் உடுத்தியிருப்பதையும் உண்பதையும் பேசுவதையும் காண அந்தக் கம்பெனிக்கு யாரும் உரிமை எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே நம் நாட்டில் இதற்கென்று ஒரு விதி எழுதப்படும்போது, வயது வந்த குடும்பத்தினர் எவரேனும் ஆட்சேபித்தாலும் வருகை நின்றுவிட வேண்டும். மறுத்ததைக் காரணமாக வைத்துச் சிப்பந்தியைத் தண்டிக்கவோ, பதவி உயர்வை நிறுத்தவோ கூடாது. வீட்டுக்கு ஆள் வருவதை விரும்பாதவர் தம் மேஜையின் அளவுகளையும் படத்தையும் அனுப்புவதே போதுமானதாக இருக்க வேண்டும். நாற்காலி, மேஜை, விளக்கு ஆகியவற்றின் செலவு கம்பெனியைச் சேர வேண்டும். பரிசோதனை வேண்டுமென்று சிப்பந்தி எழுதிக் கேட்டால் குறித்த நாட்களுக்குள் தகுதியுள்ள ஒருவரை அனுப்பியாக வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவிலும், உத்தியோக காரியம் என்பது வசிக்கும் வீட்டின் உட்புறத்தைக் காட்டும் படத்தையும் ஒலியையும் உள்ளடக்காது என்று ஒரு விளக்கத்தைப் பார்லிமெண்ட் சேர்க்க வேண்டும்.